புள்ளியெழுத்து முதல் பேசும் பலகை வரை

நம் பங்கின் விழா மலரிலே கோவில் எழுந்த வரலாறு உண்டு. பணியாற்றிச் சென்ற குருக்களின் வரலாறு உண்டு. சபைகள், சங்கங்களின் அறிக்கைகளும் உண்டு. அவற்றோடு இன்னொரு வரலாற்றையும் சேர்த்து வைக்க விரும்புகிறோம். கண் காணாத பிள்ளை எப்படிப் படிக்கத் தொடங்கியது? காது கேளாத பிள்ளை எப்படிப் பேசத் தொடங்கியது? நா அசையாத பிள்ளை தன் மனத்திலுள்ளதை எப்படிச் சொல்லத் தொடங்கியது? இம்மூன்று கேள்விகளுக்கும் விடையாக வகுப்பறைக்குள் வந்து சேர்ந்த கருவிகளின் வரலாறே இக்கட்டுரை.

இதைப் பங்கு மலரில் எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். காரணம் நம் தெருக்களிலேயே இருக்கிறது. நம்மிற் பலர் பனியன் கம்பெனி வேலையை நம்பி நெல்லை, தூத்துக்குடி, மதுரை, திண்டுக்கல் பக்கமிருந்து திருப்பூருக்கு வந்து குடியேறியவர்கள். காலையில் கம்பெனிக்குள் நுழையும் தாயும் தந்தையும் ஒன்றரை ஷிப்டு முடித்து இரவிலேதான் வீடு திரும்புகிறார்கள். சனிக்கிழமைச் சம்பளத்தை வைத்துத்தான் அடுத்த வாரம் ஓடவேண்டும். இத்தகைய லைன் வீடுகளிலே, பாட்டியின் பொறுப்பிலோ சாத்திய கதவுக்குப் பின்னாலோ, பள்ளியின் வாசலையே காணாமல் வளரும் பிள்ளைகள் உண்டு. "இவனுக்குப் படிப்பு எங்கே வரப்போகிறது?" என்று உற்றார் சொல்லிவிடுகிறார்கள், பெற்றோரும் அதை நம்பிவிடுகிறார்கள். பெற்றோரைக் குறை கூற இதை எழுதவில்லை. வழி ஒன்று இருக்கிறது என்பதை எடுத்துச் சொல்வார் இல்லாததே குறை. அந்த வழியைப் பலர் பல காலம் பாடுபட்டு உண்டாக்கினார்கள். அதை அறிந்துகொள்வோம்.

ஆறு புள்ளிகள் பிறந்த கதை

பிரான்சு நாட்டில் பாரிஸ் நகருக்குக் கிழக்கே கூப்வ்ரே என்றொரு சிற்றூர். அங்கே குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகனாக 1809-ஆம் ஆண்டு சனவரி 4-ஆம் நாள் பிறந்தவர் லூயி பிரெயில். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் குத்தூசியை எடுத்து விளையாடியபோது அது கண்ணிற் பாய்ந்தது. புண் மற்றக் கண்ணுக்கும் பரவி, இரு கண்களும் பறிபோயின.

அக்காலத்தில் கண்ணிழந்த ஏழைப் பிள்ளைக்குப் பிச்சையெடுப்பதைத் தவிர வேறு வழி அரிது. ஆனால் அவ்வூர்ப் பங்குத்தந்தையான பாலுய் அடிகளார் அச்சிறுவனை அழைத்து வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பின் ஊர்ப் பள்ளியிலே மற்றப் பிள்ளைகளோடு உட்கார வைத்தார்கள். 1819-இல், பத்து வயதில், பாரிசிலிருந்த பார்வையற்ற சிறுவர் பள்ளியில் அவன் சேர்ந்தான். வாலந்தீன் அயுய் என்பவர் தொடங்கிய அப்பள்ளியில் புடைப்பெழுத்துப் புத்தகங்கள் சில இருந்தன. சாதாரண எழுத்தையே பெரிதாகத் தாளில் மேடாக்கி வைத்திருந்தார்கள். தடவித் தடவி ஓர் எழுத்தைக் கண்டுபிடிப்பதற்குள் முந்திய எழுத்து மறந்து போகும். அதிலே படிக்க முடியுமேயன்றி எழுத முடியாது.

இரவிலே விளக்கின்றிப் படிப்பதற்கென்று சார்ல் பார்பியே என்ற படை அதிகாரி பன்னிரண்டு புள்ளிகளாலான முறையொன்றை வகுத்து, அப்பள்ளிக்குக் கொண்டுவந்தார். பன்னிரண்டு புள்ளிகள் ஒரு விரல் நுனிக்குள் அடங்கவில்லை. பதினைந்தே வயதான லூயி, 1824-இல் அதை ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார். விரலை ஒரு முறை வைத்தால் ஓர் எழுத்து தெரிந்துவிடும். ஆறு புள்ளிகளை மாற்றி மாற்றி அமைத்தால் 63 குறிகள் கிடைக்கும். 1829-இல் இம்முறை புத்தகமாக வெளிவந்தது. கண்ணைப் பறித்தது கூர்மையான குத்தூசி. எழுத்தைத் தந்ததும் தாளிற் புள்ளி குத்தும் அது போன்றதோர் ஊசியே!

எல்லோரும் உடனே கைதட்டி வரவேற்றார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். 1840-களில் சில காலம் அப்பள்ளியிலேயே புள்ளியெழுத்துக்குத் தடை இருந்தது. பிள்ளைகளோ மறைவில் எழுதிப் பழகினார்கள். லூயி பிரெயில் அப்பள்ளியின் ஆசிரியராகவும், பாரிஸ் நகரக் கோவில்களில் ஆர்கன் வாசிப்பவராகவும் வாழ்ந்து, 1852-இல் காச நோயால் இறந்தார். 1854-இல்தான் புள்ளியெழுத்து அங்கே முறைப்படி ஏற்கப்பட்டது. கருவி பிறந்து, அது பிள்ளைகளின் கைக்கு உரிமையாக வந்து சேர முப்பது ஆண்டுகள்! பின்னால் வந்த ஒவ்வொரு கருவியின் கதையிலும் இத்தாமதத்தைக் காண்கிறோம்.

பாளையங்கோட்டைக்கு வந்த எழுத்து

இந்திய நாட்டிலே பார்வையற்றோருக்கான முதற் பள்ளியை 1887-இல் அமிர்தசரசில் ஆனி சார்ப் என்ற ஆங்கில மாது தொடங்கினார். அதற்கடுத்துச் சில ஆண்டுகளிலேயே, 1890-இல், நம் தென்பாண்டிச் சீமையின் பாளையங்கோட்டையில் அஸ்க்வித் அம்மையார் தம் பள்ளியைத் தொடங்கினார். இவர்கள் புரொட்டஸ்டாண்டு சபையினர். எச்சபையினராயினும் நற்பணியை நற்பணியென்று போற்றுவது நம் கடன். அப்பள்ளி இன்றும் நடைபெறுகிறது. நம் பங்கின் நெல்லைக் குடும்பங்களிலுள்ள பெரியவர்கள் அதன் பெயரைக் கேட்டிருப்பார்கள்.

அந்நாளில் ஒரு பெரிய தொல்லை இருந்தது. மொழிக்கு மொழி, பள்ளிக்குப் பள்ளி, ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி புள்ளிகளை அமைத்துக் கொண்டார்கள். ஓரிடத்தில் படித்த பிள்ளை இன்னோரிடத்துப் புத்தகத்தைத் தடவினால் விளங்காது. அச்சிடவும் வழியில்லை. சுதந்திரத்திற்குப் பின் இந்திய அரசு யுனெஸ்கோ நிறுவனத்தின் துணையை நாடியது. 1951-இல் பெய்ரூட் நகரில் பல நாட்டு அறிஞர்கள் கூடிப் பேசியதன் பயனாக, அவ்வாண்டிலேயே இந்திய மொழிகள் அனைத்திற்கும் பொதுவான பாரதி பிரெயில் அமைந்தது. அதன்படி, ஒரே ஒலிக்கு எல்லா இந்திய மொழிகளிலும் ஒரே குறி. தமிழ் 'க'வும் இந்தி 'க'வும் ஒரே இரண்டு புள்ளிகள்தாம்.

தமிழ்ப் புள்ளியெழுத்தின் எளிமையை நம் பிள்ளைகளுக்கும் சொல்லலாம். 'அ' என்பது ஒரே ஒரு புள்ளி. 'க' இரண்டு புள்ளி. 'ம' மூன்று புள்ளி. அச்சிலே 'கொ' என்று எழுதுவதற்குக் ககரத்தின் முன்னும் பின்னும் குறி போடுகிறோம். புள்ளியெழுத்திலோ முதலில் 'க'. அடுத்து ஒகரத்தின் குறி. வாய் சொல்லும் வரிசையிலேயே விரலும் படிக்கிறது. ஆகவே உயிரையும் மெய்யையும் பிரித்துச் சொல்லப் பழகிய குழந்தைக்கு இது கடினமன்று. பாடநூல் அச்சிடுவதுதான் பெரும்பாடு. ஒரு சிறு பாடநூல் புள்ளியெழுத்தில் பல தடித்த புத்தகங்களாகப் பெருகிவிடும். சென்னையை அடுத்த பூந்தமல்லி அச்சகத்தில் இத்தகைய தமிழ்ப் புத்தகங்கள் அச்சாகி வந்துள்ளன.

காட்பாடியில் செய்த எந்திரம்

எழுத்து வந்தது, எழுதுவது எப்படி? நெடுங்காலம் பிள்ளைகளுக்குக் கிடைத்தது துளைகள் கொண்ட சட்டமும் ஊசியுமே. தாளைச் சட்டத்தில் மாட்டி, ஒவ்வொரு புள்ளியாகக் குத்த வேண்டும். புள்ளி மேடாக எழுவது தாளின் மறுபக்கத்தில். ஆகவே வலமிருந்து இடமாக, எழுத்தைக் கண்ணாடியிற் பார்ப்பது போலத் திருப்பி எழுதவேண்டும். பின்னர் தாளைப் புரட்டி இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். ஐந்தாறு வயதுக் குழந்தைக்கு இது எத்தகைய பாரம் என்பதை எண்ணிப் பாருங்கள்! எழுதிய சொல் சரியா தவறா என்று அறியத் தாளைக் கழற்றியே ஆகவேண்டும்.

இத்தொல்லையை நீக்கியது பெர்க்கின்ஸ் பிரெயிலர் என்னும் எழுதும் எந்திரம். அமெரிக்காவின் பெர்க்கின்ஸ் பள்ளியில் மரவேலை கற்பித்த டேவிட் ஏப்ரகாம் அதை உருவாக்கினார். 1951-இல், அதாவது பாரதி பிரெயில் அமைந்த அதே ஆண்டில், அது வெளிவந்தது. ஆறு புள்ளிக்கு ஆறு விசை, இடைவெளிக்கு ஒன்று. எழுத்துக்குரிய விசைகளை ஒருசேர அழுத்தினால் முழு எழுத்தும் தாளின் மேற்புறத்திலேயே எழும்பும். எழுதியதைக் குழந்தை உடனே தடவிப் பார்க்கலாம். தவறினால் உடனே அறியலாம்.

இவ்வெந்திரத்தைத் தமிழ்நாட்டிலேயே செய்தார்கள் என்பதைப் பலர் அறியார். வேலூரை அடுத்த காட்பாடியில் உள்ள வொர்த் டிரஸ்டு நிறுவனத்தின் தொழிற்சாலை, பெர்க்கின்ஸ் நிறுவனத்தின் இசைவோடு இந்த எந்திரத்தைச் செய்து வழங்கியது. 1963-இல் சுவீடன் நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தார் தொழுநோயிலிருந்து குணமானவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்று தொடங்கிய பட்டறை அது. பின்னர் உடற்குறையுள்ள பலரும் அங்கே தொழிலாளராயினர். ஊர் ஒதுக்கி வைத்தவர்களின் கைகள், ஊர் மறந்துவிட்ட குழந்தைகளின் கைகளுக்கு எழுத்து எந்திரம் செய்து கொடுத்தன. மெஷினை நம்பிப் பிழைக்கும் நாம் இதன் பெருமையை நன்கு உணர்வோம்.

பக்கத்துப் பிள்ளையோடு ஒரே பெஞ்சில்

தொடக்கத்தில் இப்பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளிகளே இருந்தன. விடுதியிற் சேர்த்தால் படிப்பு உண்டு; ஆனால் வீடும் ஊரும் தூரமாகும். ஐந்து வயதுக் குழந்தையைப் பிரிய எந்தத் தாய்க்கு மனம் வரும்? ஊர்ப் பள்ளியிலேயே மற்றப் பிள்ளைகளோடு படிக்க வைப்பதற்கான திட்டத்தை மத்திய அரசு 1974-இல் தொடங்கியது. புத்தகம், கருவி, போக்குவரத்து ஆகியவற்றிற்கு அதில் உதவி உண்டு.

இத்துறையில் நம் கோவை மண்டலத்திற்குச் சிறப்பிடம் உண்டு. பெரியநாயக்கன்பாளையத்திலுள்ள ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தில், டாக்டர் எம். என். ஜி. மணி போன்றோர், சாதாரணப் பள்ளியில் படிக்கும் பார்வையற்ற பிள்ளைகளுக்கு உதவும் சிறப்பாசிரியர்களைப் பயிற்றுவித்தார்கள். கணக்குப் பாடத்தைப் பார்வையற்ற பிள்ளைக்கு எப்படிக் கற்பிப்பது என்பது அவர் தனிக்கவனம் செலுத்திய துறை. பார்வையற்றோர் பயன்படுத்தும் மணிச்சட்டத்தில் மணிகளுக்குப் பின்னே மெத்தென்ற துணி வைத்திருக்கும். கை பட்டால் மணி தானே உருளாது. பிள்ளை வைத்த இடத்திலேயே நிற்கும். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் சிலேட்டில் கூட்டும்போது இப்பிள்ளை மணியைத் தள்ளிக் கூட்டும். விடை ஒன்றே!

ஆனால் இத்திட்டத்தில் உயிர்நாடியாக இருந்தவர் சிறப்பாசிரியரே. பாடத்தைப் புள்ளியெழுத்தில் மாற்றித் தருபவரும், எந்திரம் பழுதானால் சரிசெய்ய ஏற்பாடு செய்பவரும், வகுப்பாசிரியருக்கு விளக்குபவரும் அவரே. அவர் வராத ஊரிலே கருவி பீரோவிற் பூட்டிக் கிடந்தது.

காதுக்கு வந்த கருவி

காது கேளாதோர் கல்வியின் வரலாற்றிலும் குருவானவர் ஒருவர் முன் நிற்கிறார். பாரிஸ் நகரில் 1760-ஆம் ஆண்டையொட்டி ஏழை எளிய காதுகேளாப் பிள்ளைகளுக்காகப் பள்ளி நடத்தியவர் தெலெப்பே அடிகளார். பிள்ளைகள் தமக்குள் பேசிய சைகையைத் தாம் கற்று, அதன் வழியே அவர்களுக்கு எழுத்தைக் கற்பித்தார். இந்தியாவிலே காதுகேளாதோருக்கான முதற் பள்ளி 1880-களில் பம்பாயில், அங்கே திருச்சபையின் தலைவராயிருந்த மெரின் ஆண்டகையின் முயற்சியால் எழுந்தது. பாளையங்கோட்டையில் 1890-களில் புளோரன்ஸ் சுவைன்சன் அம்மையார் பள்ளி தொடங்கினார். சென்னை அடையாற்றில் 1960-களில் மொன்போர்ட் புனித காபிரியேல் சகோதரர்கள், காதுகேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் புனித லூயிஸ் கல்விக் கூடத்தை நிறுவினர்.

காதுக்கருவி முதலில் சட்டைப் பையில் வைக்கும் சிறு பெட்டியாகவும், அதிலிருந்து காதுக்குச் செல்லும் கம்பியாகவும் இருந்தது. பிறகு காதின் பின்னே ஒளியும் அளவுக்குச் சிறுத்தது. ஆனால் கருவி ஒலியைப் பெரிதாக்கித் தருமேயன்றிப் பொருளைத் தராது. பிறந்தது முதல் மௌனத்திலிருந்த குழந்தைக்குத் திடீரென்று வரும் ஒலி வெறும் இரைச்சலே. இது அம்மாவின் குரல், இது கதவு சாத்தும் ஓசை என்று பிரித்தறிய நாள்தோறும் பழக்க வேண்டும். அதுவும் மொழி வளரும் இளம் பருவத்திலே பழக்க வேண்டும்.

இதை நன்குணர்ந்து 1969-இல் சென்னையில் தொடங்கப்பட்டது பால வித்யாலயா. காதுகேளாத மிகச் சிறு குழந்தைகளுக்கென்றே நடைபெறும் பள்ளி அது. கைக்குழந்தையையும் சேர்த்துக் கொள்கிறார்கள். குழந்தைக்குக் கருவி பொருத்தியதோடு நிறுத்துவதில்லை. தாயும் உடன் வந்து உட்கார்ந்து, குழந்தையோடு எப்படிப் பேசுவது என்று கற்றுக்கொள்ள வேண்டும். அங்கே பேசக் கற்ற பிள்ளைகள் பின்னர் சாதாரணப் பள்ளிகளிற் சேர்கிறார்கள்.

இப்போது காக்ளியர் கருவியும் வந்துள்ளது. அறுவை செய்து காதின் உட்புறத்தில் நுண் கம்பியைப் பொருத்தி, கேட்கும் நரம்பையே நேராகத் தூண்டும் கருவி அது. பல லட்ச ரூபாய் செலவாகும் இச்சிகிச்சையைத் தமிழக அரசு தன் காப்பீட்டுத் திட்டத்தின் வழியே ஏழைக் குழந்தைகளுக்குச் செலவின்றிச் செய்து வருகிறது. ஆனால் வயது கடந்தால் பயன் குறையும். அறுவைக்குப் பின் மாதக் கணக்கில் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துச் செல்லவும் வேண்டும். ஒன்றரை ஷிப்டு வேலை பார்க்கும் தாய் யாரிடம் விடுப்புக் கேட்பாள்? அங்கேதான் பல குழந்தைகளின் பயிற்சி நின்று போகிறது.

நம் பகுதிக்கென்றே இன்னொரு தொல்லை உண்டு. விசைத்தறி ஓடும் பல்லடம், சோமனூர்ப் பக்கமும், நிட்டிங் மெஷின் ஓடும் நம் தெருக்களிலும் ஓயாத இரைச்சல். கருவி தாயின் குரலையும் பெரிதாக்கும். தறியின் ஓசையையும் பெரிதாக்கும். குழந்தை எரிச்சலுற்றுக் கருவியைக் கழற்றி எறிகிறது. "இவனுக்கு மெஷின் ஒத்துக்கொள்ளவில்லை" என்று எடுத்து வைத்துவிடுகிறோம். உண்மையில் அமைதியான அறையில், அருகில் உட்கார்ந்து பேசத் தொடங்கினால் குழந்தை பழகிக்கொள்ளும். குழந்தை வளர வளரக் காதின் அளவும் வளரும். காதில் மாட்டும் அச்சை அவ்வப்போது புதிதாக எடுக்க வேண்டும். அச்சு தளர்ந்தால் கருவி கீச்சிடும். செல் தீர்ந்தால் கருவி வெறும் பிளாஸ்டிக் துண்டுதான்.

எல்லாக் குழந்தைக்கும் கருவி பயன் தரும் என்றும் சொல்லிவிட முடியாது. அத்தகைய குழந்தைக்குச் சைகை மொழி முழுமையானதொரு மொழி. இந்தியச் சைகை மொழிக்கென்றே தில்லியில் 2015-இல் தனி நிறுவனம் அமைந்துள்ளது. கைகளாற் பேசும் பிள்ளையைக் கண்டு நகைக்காமல் இருப்பதும், முடிந்தால் நாலு சைகை கற்றுக்கொள்வதும் நம் பங்கிலேயே தொடங்கலாம்.

பேசும் பலகை

மூளை முடக்குவாதத்தால் கை, கால், நா ஆகியவை வசப்படாத குழந்தைகள் உண்டு. பேச்சு வராததால் அறிவும் இல்லையென்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது. இதைவிடக் கொடிய தவறு வேறில்லை. இவர்களுக்காகச் சென்னையில் 1985-இல் பூனம் நடராஜன் அவர்கள் தொடங்கிய நிறுவனம் இன்று வித்யா சாகர் என்ற பெயரோடு விளங்குகிறது.

அங்கும் அதுபோன்ற பிற இடங்களிலும் பயன்பட்ட முதற் கருவி மிக எளியது: ஓர் அட்டை. அதிலே தண்ணீர், சோறு, அம்மா, வலிக்கிறது, வேண்டும், வேண்டாம் என்று படங்கள். குழந்தை விரலாலோ, விரல் வசப்படாவிட்டால் கண் பார்வையாலோ ஒன்றைக் காட்டும். எதிரே இருப்பவர் பொறுமையோடு காத்திருந்து அதைச் சொல்ல வேண்டும். அட்டைக்கு ஐம்பது ரூபாய்கூட ஆகாது. பொறுமைக்குத்தான் விலையில்லை!

அந்த அட்டையே பின்னர் பேசத் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அஜித் நாராயணன், வித்யா சாகரின் அனுபவத்தைத் துணைக்கொண்டு, ஆவாஸ் என்ற கருவியை உருவாக்கினார். படத்தைத் தொட்டால் கருவி அச்சொல்லை உரக்கச் சொல்லும். இதற்காக 2011-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. இதழ் அவரை உலகின் இளம் கண்டுபிடிப்பாளர்களுள் ஒருவராகத் தேர்ந்தது. இன்று கைப்பலகைக் கணினியிலேயே அது ஓடுகிறது. அமெரிக்காவில் பல லட்சம் விலை போன பொருளின் வேலையை நம் மண்ணில் குறைந்த விலையில் செய்ய முடிந்தது. வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்கும்போது, வாய் திறவாத பிள்ளையும் விடை சொல்லும் காலம் வந்துவிட்டது.

சட்டமும் அதன் இடைவெளியும்

1995-இல் உடற்குறையுடையோருக்கான சட்டம் வந்தது. 2009-இல் 6 முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாய இலவசக் கல்விச் சட்டம் வந்தது. 2016-இல் வந்த புதிய சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டு, குறைபாடு மிகுந்த பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியது. அன்று குருடர் பள்ளி, செவிட்டூமைப் பள்ளி என்று பலகை எழுதினார்கள். இன்று மாற்றுத்திறனாளிகள் என்று மதிப்போடு அழைக்கிறோம். நல்ல மாற்றமே.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். கல்வி உரிமையின் கணக்கு ஆறு வயதில் தொடங்குகிறது. காது பேச்சைப் பிடித்துக்கொள்வதோ அதற்கு முன். விரல் நுனி தடவிப் பழகுவதும் அதற்கு முன்னரே. ஆறு வயதுக்கு முந்திய ஆண்டுகளில் குழந்தையைக் காப்பது வீடு, அங்கன்வாடி, அரசு மருத்துவமனை, அக்கம்பக்கத்தார் ஆகியோரே. அந்த ஆண்டுகள் கைநழுவினால் பின்னர் எவ்வளவு விலையுயர்ந்த கருவி வந்தாலும் முழுப்பயன் தருவதில்லை.

நாம் செய்யக்கூடியது என்ன?

நம் ஊர்த் தொழிலே நமக்குப் பாடம் சொல்கிறது. ஜப்பானிலிருந்தும் தைவானிலிருந்தும் ஓவர்லாக் மெஷினைக் கொண்டுவந்து இறக்கிவிட்டால் அது தானே பனியன் தைத்துவிடுமா? கைதேர்ந்த டெய்லர் உட்கார வேண்டும். நூல் இறுக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். ஊசி முறிந்தால் மாற்ற வேண்டும். புதிதாக வந்தவரை அருகே நிறுத்திப் பழக்க வேண்டும். மெஷினுக்குச் செலவழித்து, பழக்குபவருக்குச் செலவழிக்காத முதலாளி நட்டப்படுவார். பிள்ளைகளின் கருவியும் அப்படியே. லூயி பிரெயிலுக்கு முன் ஒரு பங்குத்தந்தை இருந்தார். பால வித்யாலயாவின் குழந்தைக்குப் பக்கத்தில் தாய் இருக்கிறாள். பட அட்டைக்கு எதிரே காத்திருக்கும் ஒருவர் இருக்கிறார். பக்கத்தில் ஆள் இருந்த இடத்திலெல்லாம் கருவி வென்றது. ஆள் இல்லாத இடத்தில் அது அலமாரியில் தூங்கியது. இந்த வரலாறு முழுவதும் நமக்குக் காட்டுவது இதுவே.

ஆகவே நம் பங்கு மக்களின் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, குழந்தை ஓசைக்குத் திரும்பவில்லை, முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, கழுத்து நிற்கவில்லை என்று தோன்றினால் "போகப் போகச் சரியாகிவிடும்" என்று காத்திராமல், மாவட்ட அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள். குறை உறுதியானால், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தைச் சேர்ந்த மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கும் கருவிக்கும் மனுச் செய்யலாம். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர்கள் பள்ளிக்கும், நடமாட இயலாத பிள்ளையின் வீட்டிற்கும் வந்து உதவுவார்கள். கேட்டால்தான் தெரியும், கேளுங்கள்.

இரண்டாவது, அன்பியக் கூட்டங்களில் வீடு வீடாகச் செல்லும்போது, பள்ளிக்குப் போகாத பிள்ளை எந்த வீட்டிலாவது உண்டா என்று பரிவோடு விசாரியுங்கள். சாதி, மதம் பாராமல், மனுவை எழுதிக் கொடுக்கவும், அலுவலகத்துக்கு உடன் செல்லவும் படித்த இளைஞர்கள் இருவர் முன்வந்தாலே போதும்.

மூன்றாவது, பயிற்சிக்குக் குழந்தையை அழைத்துச் செல்லத் தாய்க்கு அரை நாள் விடுப்புத் தருமாறு நம்முள் கம்பெனி நடத்துவோரையும், லைன் பார்க்கும் சூப்பர்வைசர்களையும் கேட்டுக்கொள்கிறோம். ஆர்டர் அவசரம் உண்மைதான். குழந்தையின் காதுக்கும் அவசரம் உண்டு. அந்த ஷிப்மெண்ட் தவறினால் அடுத்தது வராது.

நான்காவது, பள்ளி ஆசிரியர்களாக இருக்கும் நம் சகோதர சகோதரிகள், கருவி அணிந்த பிள்ளையை முன் பெஞ்சில் அமர்த்துங்கள். கரும்பலகைப் பக்கம் திரும்பிப் பேசாமல், பிள்ளை உங்கள் உதட்டைக் காணும்படி பேசுங்கள். எழுதுவதை வாயாலும் சொல்லுங்கள். பார்வையற்ற பிள்ளைக்கு அதுவே கரும்பலகை.

விழா ஆண்டிலே கோவிலுக்கு வர்ணம் பூசினோம், கொடிமரம் நாட்டினோம். மறைக்கல்வி வகுப்பின் முன் பெஞ்சில் இதுவரை வீட்டுக்குள்ளேயே இருந்த பிள்ளை ஒன்றேனும், தன் கருவியோடும், அதைப் பழக்கும் ஒருவரோடும் வந்து உட்காருமானால், இந்த விழாவை நன்றாகக் கொண்டாடினோம் என்று அடுத்த மலரை எழுதுவோர் எழுதட்டும்.